முதலுதவிப் பயிற்சி: சான்றிதழ் வாங்குவதா, கற்றுக்கொள்வதா?

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனி. அடுத்த வாரம் வெளிநாட்டு பையரின் ஆடிட். ஃபைலைப் புரட்டும்போதுதான் எச்.ஆர். அலுவலருக்குத் தெரிகிறது, முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ்கள் காலாவதியாகி விட்டன என்று. உடனே ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு ஃபோன் போகிறது. அவர் கேட்பது இரண்டே கேள்விகள்தான். "எவ்வளவுங்க ஆகும்? சர்டிஃபிகேட் எப்பங்க கைக்கு வரும்?"

அந்தப் பக்கம் இருப்பவரும் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். "எத்தனை பேருங்க?"

அவ்வளவுதான், பேரம் முடிந்தது. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பேர் உட்கார வைக்கப்படுகிறார்கள். ஆங்கில எழுத்துகள் நிறைந்த பவர்பாயிண்ட் சுவரில் ஓடுகிறது. தரையில் ஒரே ஒரு பொம்மை. முன் வரிசையில் இருக்கும் நாலு பேர் அதன் நெஞ்சை அமுக்கிப் பார்க்கிறார்கள், மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு டீ, வடை, குரூப் ஃபோட்டோ. திங்கட்கிழமை அறுபது சான்றிதழ்கள் ஃபைலில் ஏறுகின்றன. ஆடிட்டர் ஒரு டிக் போடுகிறார். எல்லோருக்கும் திருப்தி!

இது ஏதோ ஒரு கம்பெனியின் கதை அல்ல. ஊரையும் தொழிலையும் மாற்றிப் போட்டால் கோவை ஃபவுண்டரிக்கும் பொருந்தும், சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டடத்துக்கும் பொருந்தும். இதற்குப் பயிற்சி நிறுவனங்களை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்று கேட்டவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. கற்றுக்கொடுங்கள் என்று யாரும் கேட்கவே இல்லையே. ஆகவே நல்ல பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது என்பது முதலில் வாங்குகிறவர் தன் கேள்வியை மாற்றிக்கொள்வதில்தான் இருக்கிறது.

ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டும் என்று தோன்றலாம். 108 ஆம்புலன்ஸ் இருக்கிறதே? இருக்கிறது. 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தச் சேவை எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒருவரின் இதயம் நின்றுவிட்டால் நாலைந்து நிமிடத்திலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பல்லடம் ரோட்டு நெரிசலில் நாலு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேராது. அந்த இடைவெளியில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் டைலர்தான் டாக்டர், அவர்தான் நர்ஸ். அவருக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. இன்று ஏதோ ஆடிட்டுக்கான சடங்கு போல நடக்கும் இந்தப் பயிற்சி பிறந்ததே தொழிலாளிகளுக்காகத்தான். இங்கிலாந்தில் 1877இல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு உருவானபோது, ரயில்வே ஊர்களிலும் நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளிலும் அடிபடுகிறவர்களுக்கு உடன் வேலை செய்பவர்களே உதவக் கற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த அமைப்பின் இந்தியக் கிளையை இன்று நம் ஊர் இளைஞர்கள் பலர் சந்திப்பது எப்போது தெரியுமா? பஸ் கண்டக்டர் லைசென்ஸ் எடுக்கும்போது! அதற்கு முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். அங்கேயும் சான்றிதழ் கைக்கு வந்ததும் பாடம் மறந்துபோவது வழக்கம் என்பது வேறு விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 45ஆம் பிரிவில், 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும் என்றது. அந்தப் பெட்டி, மாநில அரசு ஏற்றுக்கொண்ட முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத் தொகுப்பு இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. முதலுதவிப் பெட்டி வைக்கும் கடமை அதிலும் தொடர்கிறது. பழைய சட்டத்தில் சான்றிதழை விட முக்கியமான சொல் 'வேலை நேரம் முழுவதும்' என்பதுதான். ராத்திரி ஷிஃப்டும் வேலை நேரம்தானே. பயிற்சி பெற்ற அறுபது பேரும் பகல் ஷிஃப்ட் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெட்டி வெறும் தகரம்.

அரசு அங்கீகாரம் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அங்கீகாரம் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது வாசல்படி மட்டும்தான். பிரிட்டனில் பணியிட முதலுதவிப் பயிற்சி நிறுவனங்களுக்கு ஒரு காலத்தில் அரசு அமைப்பே ஒப்புதல் கொடுத்து வந்தது. 2013 அக்டோபரோடு அதை நிறுத்திவிட்டார்கள். யார் தகுதியானவர் என்று விசாரித்துத் தேர்ந்தெடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று ஆக்கிவிட்டார்கள். இங்கேயும் முத்திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளாமல் அப்படி விசாரிப்பதுதான் நல்லது.

எதை விசாரிப்பது? முதலில் பொம்மையை. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பயிற்சி மூன்று மணி நேரம். பேச்சு, படம், டீ எல்லாம் போகப் பொம்மைக்கு ஒரு மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அறுபது நிமிடம், அறுபது பேர், ஒரு பொம்மை. ஆளுக்கு ஒரு நிமிடம், அதுவும் எழுந்து வந்து உட்காரும் நேரத்தையும் சேர்த்து! சி.பி.ஆர். எனப்படும் நெஞ்சழுத்தம் என்பது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி (ஆறைத் தாண்டாமல்) அழுத்துவது. ஐந்து சென்டிமீட்டர் என்று திரையில் படித்தால் ஒன்றும் தெரியாது. கையை வைத்து அழுத்தினால்தான் அது எவ்வளவு ஆழம், எவ்வளவு பலம் வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் தோள் எப்படி வலிக்கிறது என்று தெரியும். களைப்பில் அழுத்தம் குறைந்துவிடும் என்பதால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தைக் கூட முழுதாகச் செய்து பார்க்காதவர் பயிற்சி பெற்றவர் ஆவது எப்படி?

அந்தப் பொம்மைக்கே ஒரு கதை உண்டு. 1960இல் அதை உருவாக்கியவர் நார்வேயைச் சேர்ந்த ஆஸ்மன்ட் லேர்டால் என்ற பொம்மைத் தயாரிப்பாளர். பாரிஸில் சேன் நதியில் இறந்துகிடந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக அச்சைப் பார்த்துத்தான் அதன் முகத்தைச் செய்தார். யாராலும் காப்பாற்றப்படாத ஒரு முகத்தின் மேல் உலகமே பழகிக்கொண்டிருக்கிறது. அதைப் பையில் இருந்து எடுக்காமலே திருப்பிக்கொண்டு போகும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்!

பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரு பயிற்சியாளர், மூன்று நாலு பேருக்கு ஒரு பொம்மை என்பதற்கு மேல் போனால் அது வகுப்பு அல்ல, கூட்டம். "அறுபது பேரையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம்" என்பவரை விட, "ஐந்து பேட்ச் போடணும், ரேட் கொஞ்சம் கூடும்" என்பவரை நம்பலாம். வீடியோ பார்த்து, பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் சான்றிதழ் மெயிலில் வந்துவிடும் என்ற ஆன்லைன் வகையறாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நீச்சலையும் அப்படிக் கற்றுக்கொள்ளலாம், தண்ணீரில் இறங்காத வரைக்கும்.

அடுத்தது, ரேட் சொல்வதற்கு முன் அவர் கம்பெனியைப் பார்க்க வந்தாரா என்பது. ஒரே பாடத்தை எல்லா இடத்திலும் நடத்துகிறவரால் பெரிய பயன் இல்லை. சிவகாசியில் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் விஷயம் தீக்காயம். பட்ட இடத்தை இருபது நிமிடமாவது ஓடும் சாதாரணத் தண்ணீரில் காட்ட வேண்டும். அப்படியானால் 'குழாய் எங்கே இருக்கிறது, அதில் எந்நேரமும் தண்ணீர் வருமா' என்று பயிற்சியாளர் கேட்க வேண்டும். சாயப்பட்டறையிலும் ப்ளீச்சிங்கிலும் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புழங்குகின்றன. கண்ணில் தெறித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவ வேண்டும். வலியில் துடிக்கும் ஆளை இன்னொருவர் எப்படிப் பிடித்துக்கொண்டு கழுவுவது என்பதைச் செய்து காட்டாமல் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பனியன் கம்பெனியிலேயே கட்டிங் பகுதிக்கு ஒரு பாடம், தையல் பகுதிக்கு ஒரு பாடம். கட்டிங்கில் விரல் துண்டானால் அந்தத் துண்டை ஐஸில் நேராகப் போடக் கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைக்க வேண்டும். இது தெரியாமல் ஒட்ட வைத்திருக்கக்கூடிய விரலைக் கெடுத்துவிட வாய்ப்பு உண்டு. தையலில் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று எல்லா டைலருக்கும் தெரியும். உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்ட வேண்டும், ஒரு துண்டு குறைந்தாலும் துணி வெளியே போகாது. எங்கோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் ஊசி இருந்துவிடக் கூடாதாம். நல்ல விதிதான். அந்தத் துண்டு டைலரின் விரலுக்குள் இருந்தால் நோண்டாமல், கட்டுப்போட்டு, எக்ஸ்ரேவுக்கு அனுப்ப வேண்டும் என்று எத்தனை கம்பெனிகளில் சொல்லித்தருகிறார்கள்?

நல்ல பயிற்சியாளர் புதிதாகக் கற்றுக்கொடுப்பதற்குச் சமமாகப் பழையதை மறக்க வைக்கவும் வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, மயங்கினால் மூக்கில் வெங்காயம், முகத்தில் சோடா, தீக்காயத்துக்குப் பேனா மை, டூத்பேஸ்ட் - இதெல்லாம் படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லாமல் நடக்கிறது. சாவிக்கொத்துக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி கிடையாது. பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானாகவே நிற்கும், சாவிக்குப் பெயர் கிடைத்துவிடும்! பக்கத்தில் இடிக்கும் பொருள்களை நகர்த்தி, வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இதைச் சொன்னதும் கூட்டத்தில் யாராவது ஒருவர், "எங்க சித்தப்பாவுக்குச் சாவி குடுத்துத்தாங்க நின்னுச்சு" என்று எழுந்திருப்பார். அவருக்குக் கோபப்படாமல், கிண்டல் செய்யாமல் பதில் சொல்லத் தெரிந்தவர்தான் பயிற்சியாளர்.

எல்லாவற்றையும் விட உயிர் போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டி. சாயப்பட்டறை ஆனாலும், தோல் தொழிற்சாலை ஆனாலும், ஓட்டல் ஆனாலும் அந்தச் செய்தி ஒரே மாதிரிதான் வரும். ஒருவர் இறங்கி மயங்குகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். அந்த இரண்டாமவரைத் தூக்க மூன்றாமவர். தமிழ் நாளிதழ் படிப்பவர்கள் யாருக்கும் இது புதிதல்ல. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும், அதனால் 'வாடை இல்லை, இறங்கலாம்' என்று நினைப்பவர்தான் முதலில் விழுவார். இங்கே முதலுதவியின் முதல் பாடம் 'இறங்காதே' என்பது. தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும், சுவாசக் கருவி இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. கூட வேலை செய்பவன் கண் முன்னால் மூழ்கும்போது இறங்காமல் நிற்பது மனிதனால் எளிதில் முடிகிற காரியம் அல்ல. அதனால்தான் முன்கூட்டியே, பலமுறை, சத்தமாகச் சொல்லிப் பழக்க வேண்டியிருக்கிறது. தொட்டி இருக்கும் கம்பெனிக்கு வந்துவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காமல் போகும் பயிற்சியாளரை இரண்டாம் முறை கூப்பிடக் கூடாது. மின்சாரம் தாக்கியவரைத் தொடுவதற்கு முன் மெயினை அணைப்பதும் இதே வகைப் பாடம்தான்.

அவருடைய அறிவு எந்த வருஷத்தோடு நின்றுவிட்டது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. நெஞ்சை எத்தனை முறை அழுத்தி எத்தனை முறை ஊத வேண்டும் என்று கேட்கலாம். 15க்கு 2 என்றால் அவர் 2005க்கு முன்னால் நிற்கிறார். அந்த வருஷமே அது 30க்கு 2 ஆகிவிட்டது. வாயோடு வாய் வைத்து ஊத மனம் வராத பொதுமக்களுக்காக, அழுத்தம் மட்டும் கொடுத்தால் போதும் என்ற எளிய முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2017இல் கொண்டுவந்ததே, அது தெரியுமா என்று கேட்கலாம். பெரியவர் ஒருவருக்குத் தொண்டையில் சாப்பாடு அடைத்துக்கொண்டால்? வயிற்றில் மட்டும் அழுத்தச் சொல்லி வந்த அமெரிக்க இதயச் சங்கம், 2025 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதலில் முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம் என்று மாற்றியிருக்கிறது. ஒன்றிரண்டு தெரியாமல் போனால் குற்றம் இல்லை. "அப்படியா, பார்த்துச் சொல்கிறேன்" என்பவர் நல்லவர். "அதெல்லாம் நாங்க இருபது வருஷமா இப்படித்தான் நடத்தறோம்" என்பவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

டாக்டர் வந்தால்தான் மரியாதை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஆனால் பல டாக்டர்களின் வகுப்பு ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு முன்னால் நடக்க வேண்டியதை ஆம்புலன்ஸில் வேலை பார்த்த டெக்னீஷியனோ, கேஷுவாலிட்டியில் இருந்த நர்ஸோ கண் முன்னால் கொண்டுவந்துவிடுவார். பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை விட, அவர் கடைசியாக எப்போது ஒருவரின் நெஞ்சை அழுத்தினார் என்பது முக்கியம்.

பிறகு மொழி. திருப்பூரில் இன்று ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாமில் இருந்து வந்தவர்கள் எத்தனை ஆயிரம்! கம்பெனியில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது என்றால் தமிழ் வகுப்பும் ஆங்கில பவர்பாயிண்ட்டும் ஒன்றுதான். பெண்கள் நிறைந்த தொழில் இது என்பதையும் யோசிக்க வேண்டும். மயங்கி விழுந்த பெண்ணின் நெஞ்சில் கை வைக்க ஆண்கள் தயங்குவார்கள், வைத்தால் என்ன பேச்சு வரும் என்ற பயம். பொது இடங்களில் பெண்களுக்கு நெஞ்சழுத்தம் கிடைப்பது ஆண்களை விடக் குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. இந்தத் தயக்கத்தை வெளிப்படையாகப் பேசி, பெண்களையே அதிகம் பேர் பொம்மை முன்னால் உட்கார வைப்பவரைத் தேட வேண்டும்.

சான்றிதழ் கொடுக்கும் முன் தேர்வு உண்டா, அதில் யாராவது எப்போதாவது ஃபெயில் ஆனதுண்டா என்றும் கேட்டுவிடலாம். எல்லோரும் பாஸ் என்றால் அது தேர்வு இல்லை. பாஸ் ஆனவருக்கும் ஆறு மாதத்தில் கை மறந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறையாவது அரை நாள் திரும்பி வந்து செய்ய வைப்பதையும் சேர்த்துத்தான் ரேட் பேச வேண்டும். கூடவே பெட்டியையும் மருந்தையும் விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. பெட்டியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இதற்கெல்லாம் செலவு கூடும்தான். ஒரு ஷிஃப்ட் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு இந்தக் கணக்கைப் போடத் தெரியாமல் இல்லை.

பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்து, ராத்திரி ஷிஃப்டில், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் செக்கிங் பகுதிக்குப் போய் அங்கிருக்கும் ஹெல்பரிடம், "முதலுதவிப் பெட்டி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுப் பார்க்கலாம். "ஆபீஸ் ரூம்லங்க. சாவி மேனேஜர்கிட்ட. அவரு காலைல ஒன்பது மணிக்குத்தாங்க வருவாரு" என்று பதில் வந்தால், அந்த அறுபது சான்றிதழ்களையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடலாம்.